வீட்டுக்கு வந்த லேப்டாப், வகுப்பறைக்குள் வந்ததா? விழுப்புரம், திண்டிவனம் சொல்லும் பாடம்

2011-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பள்ளி எதிலாவது பிளஸ் 2 படித்தவரா நீங்கள்? அப்படியானால் அந்தக் கருப்பு லேப்டாப் பை உங்களுக்கு நினைவிருக்கும். பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அரசு முத்திரையோடு வந்த அந்த லேப்டாப்பில்தான் முதல் ரெஸ்யூமே, முதல் காலேஜ் ப்ராஜெக்ட், கூடவே பென் டிரைவில் வந்த முதல் சினிமா எல்லாம்.

அதே நேரத்தில் ஊரெல்லாம் இன்னொரு பேச்சும் இருந்தது. "இலவசமா குடுத்த லேப்டாப்ல பசங்க படம்தான் பாக்குறாங்க. படிப்பு எங்க ஏறுச்சு?"

2026 ஜனவரியில் தமிழ்நாட்டில் மறுபடியும் லேப்டாப் விநியோகம் தொடங்கியது. இந்த முறை பள்ளி மாணவர்களுக்கு அல்ல, கல்லூரி மாணவர்களுக்கு. அதனால் பழைய கேள்வியும் திரும்பி வந்திருக்கிறது: லேப்டாப்பால் படிப்புக்கு உண்மையில் என்ன பயன்? விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இருந்து பார்த்தால் அதற்கான பதில் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

முதலில், பழைய திட்டம் என்ன?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகள், கலைக் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக் மாணவர்கள் பயனாளிகள். கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு.

ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் பேருக்கு, சுமார் 10,200 கோடி ரூபாய் செலவில் கொடுப்பது என்பது தொடக்கக் கணக்கு. அதாவது தலைக்குச் சராசரியாக 15,000 ரூபாய். கொரோனா காலத்தில் திட்டம் நிற்பதற்கு முன் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயிருந்தன. ஒரு மாநில அரசு இத்தனை மாணவர்களுக்கு லேப்டாப்பைச் சொந்தமாகவே கொடுத்தது இந்தியாவில் அபூர்வம்.

விழுப்புரத்துக்கு இது ஏன் பெரிய விஷயம்?

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்து 1993-ல் பிரிந்தது விழுப்புரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாவட்டத்தில் 100 பேரில் 85 பேர் கிராமத்தில் வசித்தார்கள். எழுத்தறிவு சுமார் 72 சதவீதம். மாநில சராசரி 80 சதவீதம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019-ல்தான் என்பதால், இந்த எண்களில் அந்தப் பகுதியும் சேர்ந்திருக்கிறது.

படிப்புக்கு இங்கே இரண்டு மையங்கள். ஒன்று விழுப்புரம் நகரம். இன்னொன்று அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் திண்டிவனம். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி. செஞ்சி, மேல்மலையனூர், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கும் ஊர்கள் இவை. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் இவர்களில் நிறையப் பேர்.

இப்படிப்பட்ட வீடுகளில் 2011-ல் லேப்டாப் என்பது காசு சேர்த்து வாங்குகிற பொருளே இல்லை. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த குடும்பங்கள் 4.4 சதவீதம்தான். நகரங்களில் 23.4 சதவீதம். இந்த இடைவெளியைத் தாண்டி ஒரு விவசாயக் கூலி வீட்டுக்குள் லேப்டாப் வந்தது என்றால், அதற்குக் காரணம் இந்தத் திட்டம்தான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2018-ல், அதாவது திட்டம் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆன பிறகு, பிளஸ் 2 தேர்வு முடிவில் மாநிலத்திலேயே கடைசி இடம் விழுப்புரம் மாவட்டத்துக்கு. தேர்ச்சி 83.35 சதவீதம். மாநில அளவில் அது 91.1 சதவீதம்.

இதை வைத்து 'லேப்டாப் தோற்றுவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியர் காலிப் பணியிடம், வறுமை, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் என்று தேர்ச்சி விகிதத்துக்குப் பின்னால் நூறு காரணங்கள். ஆனால் ஒன்று மட்டும் புரிகிறது. லேப்டாப் வந்தால் மார்க் தானாக ஏறிவிடாது.

அந்த லேப்டாப்பில் அப்படி என்னதான் இருந்தது?

ஆரம்ப கால லேப்டாப்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள். பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7-இன் மிக எளிய பதிப்பு. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது.

இப்போது அதே ஆண்டுகளின் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அன்றைய பிளஸ் 2 கணினி அறிவியல் புத்தகத்தில் இருந்தது ஸ்டார் ஆபீஸ் மென்பொருளும் சி பிளஸ் பிளஸ் மொழியும். ஸ்டார் ஆபீஸை அதன் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனம் 2011-லேயே கைவிட்டுவிட்டது. அதாவது, லேப்டாப் பள்ளிக்குள் வந்த ஆண்டில் புத்தகம் சொல்லிக்கொடுத்தது சந்தையில் இருந்து விடைபெற்றுவிட்ட ஒரு மென்பொருளை. கையில் இருக்கும் மெஷின் ஒரு பக்கம், பாடம் இன்னொரு பக்கம்.

கணினி அறிவியல் எடுத்தவர்கள் நிலைமையே இப்படி என்றால், உயிரியல், வணிகவியல், வரலாறு குரூப் மாணவர்களுக்கு அந்த லேப்டாப்பைப் பாடத்தோடு இணைக்கிற வழியே பெரிதாக இல்லை.

நிலைமை மாறியது 2018-க்குப் பிறகுதான். புதிய பாடத்திட்டம் வந்தது. பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தது. பிளஸ் 1-ல் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2-ல் பைத்தான், மைஎஸ்க்யூஎல் என்று பாடம் இன்றைய வேலைச் சந்தைக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் பாடம் லேப்டாப்புக்கு ஏற்றதாக மாறிய கொஞ்ச நாளிலேயே லேப்டாப் வருவது நின்றுபோனது.

வகுப்பறைக்குள் ஏன் வரவில்லை?

இந்தத் திட்டத்தின் லேப்டாப் மாணவரின் சொந்தப் பொருள். வீட்டுக்கு எடுத்துப் போகலாம், படிப்பு முடிந்தாலும் திருப்பித் தர வேண்டாம். அதுதான் அதன் பெரிய பலம். வகுப்பறையைப் பொறுத்தவரை அதுவே பலவீனமாகவும் ஆனது.

* நேரம்: பல பேட்ச்களுக்கு லேப்டாப் கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. சிலருக்குப் பள்ளியை விட்டுப் போன பிறகு. பிளஸ் 2 இரண்டாம் பாதி என்றால் ரிவிஷன், செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு. அந்த நேரத்தில் கைக்கு வரும் லேப்டாப்பை வைத்துப் பாடம் நடத்த யாருக்கும் நேரமில்லை.

* தேர்வு: பொதுத்தேர்வு எழுதுவது பேனாவில். கணினி அறிவியல் தியரி தேர்வும் அப்படித்தான். மார்க் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மாணவரின் நேரமும் போகும்.

* இடம்: 50 பேர் உட்காரும் வகுப்பில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கும்? கூட்டமான டவுன் பஸ்ஸில் லேப்டாப்பைத் தினமும் சுமந்து போக எந்த வீட்டில் விடுவார்கள்? 'உடைஞ்சா யார் வாங்கித் தருவா' என்ற பயம் நியாயமானது.

* ஆசிரியர்: மாணவருக்கு மெஷின் கொடுப்பதற்கு இருந்த வேகம், அதை வைத்து வேதியியலையோ கணக்குப்பதிவியலையோ எப்படி நடத்துவது என்று ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பதில் இல்லை.

* இணையம்: 2011-ல் கிராமத்து வீடுகளில் இணைய இணைப்பு அரிது. அப்போது லேப்டாப் என்பது பென் டிரைவில் வருவதை ஓட்டும் பெட்டி. பென் டிரைவில் பாடம் வராது, படம்தான் வரும். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது மாணவர்கள் கைக்குப் போனது லேப்டாப் அல்ல, செல்போன்.

ஆக, 'பசங்க படம் பாத்தாங்க' என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை. மீதி உண்மை, பார்ப்பதற்கு வேறு எதையும் யாரும் அதில் போட்டுத் தரவில்லை என்பது.

2020 ஜூலை: லேப்டாப்பே வகுப்பறை ஆன நாட்கள்

இதற்கு விதிவிலக்கான ஒரு காலம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலையில் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் தொடங்கின. பிளஸ் 2 மாணவர்களுக்கு மட்டும் பள்ளிக் கல்வித் துறை இன்னொரு ஏற்பாடும் செய்தது. கையில் இருக்கும் அரசு லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்து வர வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருந்து வீடியோ பாடங்களை அதில் ஏற்றித் தருவார்கள். வீட்டுக்குப் போய் இணையமே இல்லாமல் பார்க்கலாம்.

யோசித்துப் பார்த்தால், ஒன்பது ஆண்டுகளாக இந்தத் திட்டத்தில் காணாமல் இருந்ததெல்லாம் அந்த ஒரு ஏற்பாட்டில் ஒன்றுசேர்ந்தது. பாடத்திட்டத்துக்கு ஏற்ற உள்ளடக்கம் இருந்தது. அது தமிழில் இருந்தது. பள்ளிதான் அதைக் கொடுத்தது. நெட்வொர்க் வேண்டாம், டேட்டா பேக் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டாலும் பாடம் நிற்காது.

அந்த லேப்டாப்கள் முன்பே வீடுகளில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வழியே திறந்திருக்காது. அதே சமயம், இப்படிப் பாடத்தை ஏற்றிக் கொடுப்பதற்குக் கொரோனா வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2012-லேயே ஒரு பென் டிரைவில் செய்திருக்கக்கூடிய காரியம் அது.

சரி, லேப்டாப் கொடுத்தால் மார்க் ஏறுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இந்தக் கேள்வியை உலகம் முழுக்கப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பெரு: 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தைப் பெரிய அளவில் செய்த நாடு. 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு, சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று கண்டது. பள்ளியில் ஒரு மாணவருக்கு ஒரு கணினிக்கு மேலேயே இருந்தும் இதுதான் முடிவு.

ருமேனியா: ஏழைக் குடும்பங்கள் கணினி வாங்க அரசு 200 யூரோ உதவித்தொகை கொடுத்தது. 2011-ல் வெளியான ஆய்வில், கணினி வாங்கிய வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்திருந்தது. ஆனால் கணினித் திறன் கூடியிருந்தது.

டெல்லி: 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள் மாணவரின் நிலை எதுவோ அதில் இருந்து கணக்கையும் இந்தியையும் கற்றுத் தரும். 6-ஆம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். பள்ளி நேரம் போக, மென்பொருளோடும் சிறு குழுவில் ஆசிரியரோடும் நாலரை மாதம் படித்ததில், கணிதத்தில் நல்ல முன்னேற்றம். எளிமையாகச் சொன்னால், 100 பேர் வரிசையில் நடுவில் நின்ற ஒருவர் 14 பேரைத் தாண்டிப் போவது போன்ற முன்னேற்றம்.

வதோதரா: குஜராத் அரசு மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. பெரும்பாலும் பயன்படாமல் கிடந்தன. அவற்றில் கணக்கு விளையாட்டுகளைப் போட்டு, 4-ஆம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். வாரத்துக்கு வெறும் 2 மணி நேரம். கணித மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. மெஷினை மட்டும் கொடுத்த இடங்களில் மார்க் ஏறவில்லை. என்ன படிக்க வேண்டும், எப்போது, யார் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்த இடங்களில், இரண்டு பேருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தாலும் ஏறியது.

அப்போ செலவான பணம் எல்லாம் வீணா?

இல்லை. தேடுகிற இடம்தான் தப்பு. லேப்டாப்பின் பலனை மார்க் ஷீட்டில் தேடினால் கிடைக்காது. அதற்கு அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் தேட வேண்டும்.

14 முதல் 18 வயது கிராமப்புற இளையோரிடம் 2023-ல் நடந்த 'ஏசர்' ஆய்வில், சுமார் 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருந்தது 9 சதவீதம் பேர் வீட்டில்தான். முக்கியமான எண் அடுத்தது: வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அதை இயக்கத் தெரிந்தது. இல்லாதவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. ருமேனியா சொன்னதும் இதையேதான். மார்க் வேறு, கைப்பழக்கம் வேறு.

அந்தக் கைப்பழக்கம் எங்கே உதவும்? பிளஸ் 2 முடித்த மறுநாளில் இருந்தே. பொறியியல் கலந்தாய்வு 2018-ல் முழுக்க ஆன்லைனுக்கு மாறியது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் 2020-ல் ஆன்லைனுக்கு வந்தது. உதவித்தொகை, சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி என எல்லாமே இணையத்தில்தான்.

உதாரணத்துக்கு, மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பெண் பிளஸ் 2 முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் கலந்தாய்வில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள், பாடப்பிரிவுகளில் இருந்து விருப்ப வரிசையை அவரே போட வேண்டும். செல்போன் திரையில் அந்தப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தும்போது ஒரு எண் தவறினால் கல்லூரியே மாறிப்போகும். இல்லையென்றால் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, பின்னால் வரிசை நிற்கும்போது அவசர அவசரமாக வேறு யாரோ போட்டுக் கொடுப்பதை வாங்கி வர வேண்டும். வீட்டில் லேப்டாப் இருந்தால், செல்போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்துவிட்டு, நாலு பேரிடம் கேட்டு, இரண்டு நாள் யோசித்து, தானே வரிசை போடலாம். முடிவெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது. இதற்கு மார்க் போட முடியாது. ஆனால் வாழ்க்கையை மாற்றுவது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

'அதான் எல்லாரிடமும் போன் இருக்கே' என்பவர்கள், போனில் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுப் பார்க்கலாம். அல்லது இருபது வரி பைத்தான் கோடு அடித்துப் பார்க்கலாம். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் போன் போதும். எழுதவும் உருவாக்கவும் கீபோர்டு வேண்டும். வேலை கொடுப்பவர்கள் கேட்பது இரண்டாவதைத்தான்.

திட்டம் தடுமாறியபோது என்ன நடந்தது?

2017-18-ல் பிளஸ் 2 முடித்தவர்களுக்குக் குறித்த நேரத்தில் லேப்டாப் வரவில்லை. அடுத்தடுத்த பேட்ச்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, 'எங்களுக்கு எங்கே?' என்று 2019-ல் பல மாவட்டங்களில் முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளிகளின் முன்னால் மறியல் செய்தார்கள். ஒரு பொருள் தேவையே இல்லை என்றால் அதற்காக யாரும் ரோட்டில் உட்கார மாட்டார்கள். 'பசங்களுக்கு இது விளையாட்டுப் பொருள்' என்ற பேச்சுக்கு அந்த மறியல்களே பதில்.

அதன் பிறகு கொரோனா. அடுத்து ஆட்சி மாற்றம். பிளஸ் 2 மாணவர்களுக்கு லேப்டாப் கொடுப்பது நின்றது. பள்ளிகளுக்குள் அரசின் கவனம் வேறு பக்கம் திரும்பியது: ஸ்மார்ட் வகுப்பறைகள், உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், 2023-ல் வந்த மணற்கேணி செயலி. வகுப்பறை என்ற கோணத்தில் பார்த்தால் இது சரியான திசைதான். வதோதரா சொன்னதுபோல, ஆளுக்கொன்று இல்லாவிட்டாலும் பாடத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் பலன் தரும். ஆனால் ஆய்வகம் மாலையில் பூட்டப்பட்டுவிடும். சனி, ஞாயிறு திறக்காது. பிளஸ் 2 முடித்துப் போனவருக்கு அங்கே இடமில்லை.

இப்போது வந்திருக்கும் திட்டம் என்ன?

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். முதல்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் விநியோகத்தைத் தொடங்கி வைத்தார். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2011-இன் 2 ஜிபி மெஷினோடு ஒப்பிட்டால் இது வேறு தலைமுறை.

கல்லூரி மாணவருக்குக் கொடுப்பதில் ஒரு தெளிவான லாஜிக் இருக்கிறது. செமினார், ப்ராஜெக்ட், 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் ஆன்லைன் பயிற்சிகள், கேம்பஸ் இன்டர்வியூ என்று அவருக்கு அன்றாடப் பயன்பாடு இருக்கிறது. பொதுத்தேர்வு நெருக்கடி இல்லை. விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளில் படிக்கும் பி.ஏ., பி.காம். மாணவருக்கு, சென்னையில் தனியார் கல்லூரியில் படிப்பவரோடு ஒரே இன்டர்வியூவில் உட்காரும்போது இது ஒரு தடையைக் குறைக்கும்.

ஆனால் யார் விடுபட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிளஸ் 2-வில் கொடுத்தபோது, கல்லூரிக்குப் போகாதவருக்கும் லேப்டாப் கிடைத்தது. கல்லூரியில் மட்டும் கொடுத்தால், கல்லூரி வாசல் வரை வர முடியாதவருக்குக் கிடைக்காது. பிளஸ் 2-வோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடையிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகப் பள்ளி ஆய்வகத்தின் சில பீரியடுகள்தான் மிச்சம். மேலே சொன்ன மரக்காணத்துப் பெண்ணும், கலந்தாய்வை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் லேப்டாப்பைப் பார்ப்பார். விருப்ப வரிசையை அவர் பழையபடி போனில்தான் போட வேண்டும்.

வகுப்பறைக்குப் பயன்பட என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவைப்படாத நான்கு விஷயங்களைப் பழைய அனுபவம் காட்டுகிறது.

1. சீக்கிரம் கொடுப்பது. கல்வியாண்டின் தொடக்கத்தில், படிப்பின் தொடக்கத்தில். கடைசி செமஸ்டரில் வருகிற லேப்டாப் வேலை தேட உதவும், படிக்க உதவாது.

2. காலியாகக் கொடுக்காமல் இருப்பது. 2020 ஜூலையில் செய்ததுபோல, தமிழில் பாட வீடியோக்கள், பழைய வினாத்தாள்கள், டைப்பிங் பயிற்சி, பைத்தான் ஆகியவற்றை இணையம் இல்லாமலே இயங்கும்படி ஏற்றிக் கொடுக்கலாம்.

3. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கால அட்டவணையில் ஒரு இடம். எல்லாரும் லேப்டாப்பைக் கொண்டு வரும் ஒரு நாள், அதை வைத்துச் செய்ய ஒரு வேலை, அதைத் திருத்தும் ஒரு ஆசிரியர்.

4. பிளஸ் 1-ஐ மறக்காமல் இருப்பது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மூச்சுவிட ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் பழக இதைவிட நல்ல வருடம் பள்ளியில் இல்லை. ஆளுக்கொரு லேப்டாப் முடியாவிட்டாலும், பள்ளி ஆய்வகத்தை மாலை ஆறு மணி வரை திறந்து வைக்கலாம்.

உங்கள் பரணில் அந்தப் பழைய லேப்டாப் இருக்கிறதா?

இதைப் படிப்பவர்களில் பலர் இன்று ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ வேலையில் இருப்பீர்கள். அரசு கொடுத்த லேப்டாப் ஊரில் பரண் மேல் தூசி படிந்து கிடக்கலாம். அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் சில விஷயங்கள்:

* விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. அதிலேயே நெட் பேங்கிங் செய்வது ஆபத்து.
* ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகவே கூடும். ரேமைக் கூட்ட முடியுமா என்பது மாடலைப் பொறுத்தது. சர்வீஸ் கடையில் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.
* எடை குறைந்த லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் போடலாம். இலவசம்தான். டைப்பிங், லிப்ரே ஆபீஸ், பைத்தான் எல்லாம் பழைய மெஷினிலும் ஓடும்.
* பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம். கழற்றிவிட்டு மாற்றுவதுதான் பாதுகாப்பு.
* யாருக்காவது கொடுப்பதற்கு முன் உங்கள் போட்டோ, சான்றிதழ், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

பிறகு அதைக் கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே பிளஸ் 1 சேர்ந்த ஒரு பையனோ பெண்ணோ இருப்பார். ஆனால் மெஷினை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் நாலு பாட வீடியோவைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். 50 லட்சம் லேப்டாப் கொடுத்த திட்டத்தில் விடுபட்டுப் போனது அந்த ஒரு மணி நேரம்தான்.